கல்லுச்சாமி மடத்துக் கடுதாசி

போன வாரம் என் மருமகள் நாகமலைப் பக்கம் போய்விட்டு டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினாள். வந்ததும் வராததுமாகக் கைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். "கல்லுச்சாமி சமாதித் திருநீறு மாமா. ரொம்பச் சக்தியான சாமியாம். முழங்கால்ல தடவிக்கங்க, வலி போயிரும்" என்றாள். எனக்கு அடுத்தடுத்து மூன்று தும்மல் வந்தது. "பாத்தீகளா, சாமி உத்தரவு குடுத்துட்டாரு" என்று அவளுக்கு ஒரே சந்தோஷம்.

அந்தச் சாமி ஒரு கல்யாண வண்டியை மறித்து, ஒரு கிழவியின் பாம்படத்தைக் காதோடு அறுத்தெடுத்தவர் என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன். இந்த வீட்டில் எனக்குச் சோறு போடுகிறவள் அவள். அவளுடைய சாமியைத் திருடன் என்று சொல்லிவிட்டு எந்த முகத்தோடு தட்டுக்கு முன்னால் உட்காருவது? உங்களிடம் சொல்லலாம். நீங்கள் எனக்குச் சோறு போடுகிறவர் இல்லை.

இப்போது வருகிற திருநீற்றில் வாசனைக்கு என்னத்தையோ கலந்துவிடுகிறார்கள். அந்தக் காலத்து மடத்துத் திருநீற்றில் புகைவாசனைதான் இருக்கும். சாணியை உருட்டிக் காயவைத்து, உமியைக் குவித்து மூடி, நெருப்பு வைத்து நாள் கணக்கில் புகையவிடுவார்கள். அந்தப் புகை என் சட்டையில், தலைமுடியில், எழுதுகிற காகிதத்தில் எல்லாம் ஏறியிருக்கும். ஊருக்குப் போனால் என் தங்கை மூக்கைப் பொத்திக்கொண்டு, "அண்ணே, நீ வாரது தெருமுக்குலயே தெரிஞ்சுபோச்சு" என்பாள்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. வெள்ளைக்காரன் இன்னும் மூட்டை கட்டாத காலம். இங்கிலீஷ் பாடத்தில் இரண்டு தடவை தோற்று, பள்ளிப் படிப்பு அந்தரத்தில் நின்றுவிட்டது. ஆனால் தமிழ்க் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். இதை நானே சொல்ல வேண்டியிருக்கிறது; வேறு யாரும் சொல்லி வெகுகாலம் ஆகிறது. அந்தக் கையெழுத்துக்காகத்தான் நாகமலை அடிவாரத்து மடத்தில் கடுதாசி எழுதுகிற வேலை கிடைத்தது. அங்கே துறவு வாங்கியவர்கள் பேனாவைத் தொடக் கூடாது. எழுதுவது உலகத்தோடு தொடர்பு வைத்துக்கொள்வதாம். அந்தத் தொடர்பை அவர்களுக்குப் பதிலாக வைத்துக்கொள்ள, எதையும் துறக்காத ஓர் ஆள் தேவைப்பட்டான்.

எதையும் துறக்காதவன் என்று சொன்னேன், ஆனால் என் நாக்கைத் துறக்கவைத்துவிட்டார்கள். மடத்தில் பதினோரு சாமிகள். உப்பும் புளியும் கிடையாது. கம்பங்கஞ்சி, வேகவைத்த கீரை, மறுபடி கம்பங்கஞ்சி. நானும் அதையேதான் சாப்பிட வேண்டும். வெயிலில் நடக்கும்போது வேர்வை வழிந்து உதட்டுக்கு வந்தால் நக்கிப் பார்ப்பேன். சிரிக்காதீர்கள். உப்பில்லாமல் ஒரு மாதம் இருந்து பாருங்கள், அப்புறம் சிரிக்கலாம்.

மடத்துத் தலைவரைப் பெரியவர் என்றுதான் எல்லாரும் சொல்வோம். எண்பது வயது, இரண்டு கண்ணிலும் புரை. மனிதர்களைக் குரலை வைத்தும் கெட்டியாக உட்காருகிறார்களா என்பதை வைத்தும் எடைபோடுவார். நெளியாமல் உட்கார்ந்தால் உத்தமன், நெளிந்தால் உலகப்பற்று உள்ளவன். நான் கடுதாசி எழுதும்போதுகூட நெளிவேன் என்பதால் என்னைப் பற்றி அவருக்குப் பெரிய அபிப்பிராயம் இருந்ததில்லை.

ஒரு ஐப்பசி மாதம், மழை விட்டிருந்த ஒரு மத்தியானம், இரண்டு பேர் காவி கட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். ஒருவன் நெட்டை, ஒருவன் குட்டை. காவி இன்னும் காயவில்லை. இரண்டு பேர் காலிலும் செம்மண் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. "எங்கேருந்து வாரீக?" என்று பெரியவர் கேட்டார். "காசி" என்றான் குட்டையன். "ராமேஸ்வரம்" என்றான் நெட்டையன், அதே நொடியில். பெரியவர் பூரித்துப்போனார். "பாருங்க, ரெண்டும் ஒண்ணுதான்னு தெரிஞ்ச ஞானிக" என்று எங்கள் பக்கம் திரும்பிச் சொன்னார். உள்ளே கூப்பிட்டு இலை போடச் சொன்னார்.

நெட்டையன் பெயர் வேலு, குட்டையன் பெயர் மாயன். எந்த ஊரென்று எனக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. அதற்கு எட்டு நாள் முன்னால்தான் விளாங்குடிக்கு அப்பால் திண்டுக்கல் ரோட்டில் அந்தக் கல்யாண வண்டியை மறித்திருந்தார்கள். இதெல்லாம் எனக்கு அன்றைக்குத் தெரியாது. நான் பார்த்தது இரண்டு பசித்த சாமிகளைத்தான். மாயன் முதல் கவளத்தை வாயில் வைத்ததும் அவன் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கு அவன்மேல் பிரியமே வந்துவிட்டது. "உப்பு?" என்று என்னைப் பார்த்து உதட்டை மட்டும் அசைத்தான். இல்லை என்று தலையாட்டினேன். அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பெரியவர் காதில் விசும்பல் விழுந்து, பக்திக் கண்ணீர் என்று அதையும் வரவில் வைத்துக்கொண்டார்.

வேலு அப்படியில்லை. அவன் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். வெளியில் செருப்புச் சத்தம் கேட்டால்கூடத் திரும்ப மாட்டான். கண் இமைக்காது, மூச்சு விடுகிறானா என்று சந்தேகம் வரும். பயத்தில் உறைந்துபோயிருக்கிறான் என்று யாருக்குத் தெரியும்? பார்க்க வருகிறவர்கள் கல்லுச்சாமி என்று பேர் வைத்துவிட்டார்கள். "அறுபது வருசமா நானும் இதுக்குத்தேன் பாடுபடுறேன். எனக்கு வரலை" என்று பெரியவர் ஏக்கப்பட்டார்.

கார்த்திகையில் ஒரு நாள் போலீஸ் ஏட்டையா வந்தார். கூட ஒரு கிழவி. அவளுடைய வலது காது மடல் இரண்டாகப் பிளந்து, சீழ் வைத்து, தொங்கிக்கொண்டிருந்தது. மடத்து எல்லையில் ஓர் உசில மரம். பெண்கள் அதைத் தாண்டக் கூடாது. ஆகவே கல்லுச்சாமியை மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு வந்து உட்காரவைத்தோம். ஏட்டையா தொப்பியைக் கழற்றிவிட்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "சாமி, ஒரு மாசமா அலையுறேன், கள்ளப்பயலுக சிக்க மாட்டேங்கிறாய்ங்க. எந்தத் தெசையில தேடட்டும்?" என்று கேட்டார். கிழவியோ விழவில்லை. நின்றபடியே, "எங்காதை அறுத்த கையில புழு வைக்கணும் சாமி. அது அழுகி விழுறதை நான் பாத்துட்டுத்தேன் சாகணும்" என்று கேட்டுக்கொண்டாள்.

கல்லுச்சாமி அந்தக் கையாலேயே திருநீற்றை அள்ளி அவள் காதில் தடவினார். கிழவி வலியில் துடித்தாள். அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. பிறகு ஏட்டையாவுக்காகக் கிழக்கே கையை நீட்டினார். ஏட்டையா கிழக்கே போய் யார் யாரையோ பிடித்து அடித்துக் கை சலித்ததாக அப்புறம் கேள்விப்பட்டேன். கிழவி மட்டும் அடுத்த மாதமும் வந்தாள். காது ஆறிவிட்டது என்று சொல்லி அவருக்கு ஒரு மாலை வாங்கிக்கொண்டு வந்திருந்தாள்.

அந்த மடத்தில் ஒரு சட்டம் உண்டு. புதிதாக வந்தவர் ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், இருக்கலாம். அதற்குமேல் துறவு வாங்க வேண்டும், அல்லது வெளியேற வேண்டும். வெளியே ஏட்டையா இருந்தார். ஆகவே இரண்டு பேரும் துறவு வாங்குவதென்று ஆயிற்று.

துறவு வாங்குவது லேசான காரியமில்லை. வாங்குகிறவன் தனக்குத்தானே கருமாதி செய்துகொள்ள வேண்டும். தன் பெயர், தகப்பன் பெயர், பாட்டன் பெயர், ஊர், இவ்வளவும் சொல்லி, தன் பெயருக்குத் தானே பிண்டம் வைத்து, மொட்டையடித்து முழுக வேண்டும். அத்தோடு பழைய ஆள் செத்தான். அந்தப் பெயரை மடத்தில் யாரும் அப்புறம் உச்சரிக்கக் கூடாது. அவன் ஊருக்கு மூலையில் கரி தடவின ஒரு கடுதாசி போகும். உங்கள் மகன் துறவு பூண்டான். அவன் உங்களுக்கு இறந்தவன். பதினாறாம் நாள் காரியம் செய்து முடியுங்கள். பன்னிரண்டு வருஷம் யாரும் வந்து பார்க்கக் கூடாது. இதை எழுதுவது என் வேலை. பெரியவரும் நானும் மட்டும்தான் அந்தப் பெயரைக் கேட்போம்.

மாயன் தனக்கு ஊரும் இல்லை உறவும் இல்லை என்று சொல்லிவிட்டான். அவனுக்குக் கடுதாசி இல்லை. வேலு கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு மளமளவென்று சொன்னான்: பெயர் வெள்ளையன், தகப்பன் சின்னக்கருப்பன், பாட்டன் மொக்கையன், பெண்சாதி அங்கம்மாள், உசிலம்பட்டிக்கு மேற்கே இன்ன ஊர். ஊரின் பெயர் உங்களுக்கு வேண்டாம்.

நான் எழுதினேன். என் கெட்ட நேரம், அன்றைக்குக் கை நன்றாக ஓடியது. மடத்து வாசகத்தோடு விடாமல், "மனைவியையும் ஊரையும் மறந்து மலர்ந்த முகத்தோடு விடைபெற்றான்" என்று ஒரு வரியை நானாகச் சேர்த்தேன். எழுதிவிட்டு இரண்டு தடவை படித்து ரசித்தேன்.

மாயன் துறவு வாங்கி இரண்டு மாதம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. ஒரு நாள் ஓடைக்குக் குளிக்கப் போனவன் அப்படியே திருமங்கலம் சந்தைக்குப் போய், காவியோடு உட்கார்ந்து ஆட்டுக்கறி தின்றிருக்கிறான். ஜனங்கள் விடுவார்களா? காவி கட்டிக்கொண்டு கறியா என்று முன்பல் இரண்டும் போகிற வரைக்கும் அடித்தார்கள். தப்பித்தால் போதும் என்று அவன் போலீசிடம் ஓடி, நான்தான் திண்டுக்கல் ரோட்டுத் திருடன் என்று ஒப்புக்கொண்டான். "கூட இருந்தவன் யார்ரா?" என்று ஏட்டையா கேட்டாராம். "கல்லுச்சாமி" என்றானாம். மீதிப் பல்லில் பாதியை ஏட்டையா எடுத்தார். சாமியைப் பற்றி அபாண்டம் பேசினால் அவருக்குப் பொறுக்காது. மாயன் ஜெயிலுக்குப் போனான், உப்புப் போட்ட களி தின்றான். அவனுக்கு அது குறையாகத் தோன்றியிருக்காது.

தை அமாவாசையன்று உசில மரத்தடியில் ஒரு பெண் வந்து நின்றாள். இருபது, இருபத்தொரு வயது இருக்கும். கழுத்து மொட்டையாக இருந்தது. பெண்கள் வந்தால் போய் அனுப்பிவைப்பதும் என் வேலைதான்.

"நான் தாண்ட மாட்டேன், பாக்கவும் மாட்டேன். பன்னெண்டு வருசம்னு கடுதாசியில போட்டிருந்துச்சு" என்றாள். பூவரச இலையில் மடித்த ஒரு சின்னப் பொட்டலத்தை நீட்டினாள். "அவுகளுக்கு வயித்துவலி உண்டு. பிரண்டைத் தொவையல் தின்னாத்தேன் கேக்கும். இதை மட்டும் குடுத்துருங்க."

யாருக்கு என்று கேட்டேன். மடத்தில் பெயர் சொல்லக் கூடாது என்பது அவளுக்கும் தெரிந்திருந்தது. அவளோ புருஷன் பெயரை எப்படியும் சொல்லப் போவதில்லை. "நான் அங்கம்மா" என்று தன் பெயரைச் சொன்னாள். எனக்குப் புரிந்துவிட்டது.

"கடுதாசி எழுதுனவரு நீங்களா?" என்றாள். ஆமாம் என்றேன், கொஞ்சம் பெருமையாகக்கூட. அவள் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்: "சிரிச்ச மொகத்தோடயா போனாக?"

நான் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு உள்ளே வந்தேன். முந்தின நாளே ஊரிலிருந்து புறப்பட்டு, செக்கானூரணியில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி, நடந்தே வந்திருக்கிறாள்.

கல்லுச்சாமியை மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் தனியாகக் கூப்பிட்டு, "உங்க வீட்டம்மா குடுத்தாங்க" என்று பொட்டலத்தைக் கொடுத்தேன். அவர் இலையைப் பிரித்து விரலால் தொட்டு நக்கினார். உப்பு. அவ்வளவுதான், கல் கரைந்துவிட்டது. வழித்து வழித்துத் தின்றுகொண்டே சிரிக்க ஆரம்பித்தார். "நம்ம வீட்டம்மாவா? நான் அவளைக் கண்ணால பாத்ததே இல்ல மாப்ள" என்றார்.

அப்போதுதான் முழுக்கதையும் சொன்னார். வெள்ளையன் என்பவன் மழை பொய்த்து இலங்கைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போனவன். மண்டபம் கேம்பில் கப்பலுக்குக் காத்துக் கிடந்தபோது வேலுவும் அங்கே இருந்திருக்கிறான். வேலுவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். காத்துக் கிடந்த நாளெல்லாம் வெள்ளையன் பெண்டாட்டியைப் பற்றியே பேசியிருக்கிறான். அப்பன் பெயர், பாட்டன் பெயர், பிரண்டைத் துவையல் உட்பட.

"அதுக்கு ஏன் அவன் பேரைச் சொன்னீங்க?" என்றேன்.

"எம்பேருக்கு நானே பிண்டம் வச்சா நான் செத்துருவேன்ல?" என்று அவர் நிஜமான பயத்தோடு சொன்னார். "அவந்தேன் ஊர்லயே இல்லையே. அவனுக்கென்ன நட்டம்?"

திருடனுக்குக்கூடக் கருமாதியில் அத்தனை நம்பிக்கை. பெரியவரிடம் போய்ச் சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். கல்லுச்சாமி என் காது மடலை இரண்டு விரலால் மெதுவாகப் பிடித்தார். நகத்தால் ஒரு தரம் அழுத்தினார். நான் உட்கார்ந்துவிட்டேன். அந்த உட்கார்தலைப் பற்றி ஐம்பது வருஷத்துக்கு மேலாக விதவிதமான காரணங்கள் எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். வேலை போய்விடும், அப்பா திட்டுவார், மாயன் சொல்லியே நம்பாதவர்கள் நான் சொல்லியா நம்புவார்கள் என்று. நிஜம் என்னவென்றால் எனக்குக் காது பெரிதாக இருந்தது, அங்கம்மாளின் கழுத்து சிறிதாகத் தெரிந்தது.

அப்புறம் ஒவ்வொரு அமாவாசையும் அவள் வந்தாள். வாங்கிக்கொண்டுபோய் அவருக்குக் கொடுத்தேன். ஒரு தடவை உறைப்பு அதிகம் என்று சொல்லி அனுப்பினார். அடுத்த மாதம் மிளகாயைக் குறைத்துக் கொண்டுவந்தாள். "வயசாகுதுல்ல, உறைப்பு தாங்கலை போல" என்று அதற்கும் சந்தோஷப்பட்டாள். இரண்டு வருஷம் இப்படி ஓடியது. அதற்குள் பெரியவர் காலமானார். சாகிறதற்கு முன்னால் கல்லுச்சாமியின் தலையில் கைவைத்து, "அசையாதவன் நீதேன்" என்று மடத்தை அவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கண்ணை மூடினார்.

அதே வருஷம் வெள்ளையன் இலங்கையிலிருந்து ஊருக்குத் திரும்பினான்.

தகரப்பெட்டியோடு ஊருக்குள் நுழைந்தவனைப் பார்த்துக் கிணற்றடியிலிருந்த பெண்கள் குடத்தைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறார்கள். அவன் தகப்பன் அந்தக் கடுதாசி வந்த வருஷமே போய்ச் சேர்ந்துவிட்டார். கருமாதி முடிந்து, தாலி இறக்கி, அவன் புஞ்சையைப் பங்காளி உழுது இரண்டு வெள்ளாமை எடுத்தாயிற்று. நான் துறவும் வாங்கவில்லை, நாகமலையைக் கண்ணால் பார்த்ததும் இல்லை என்று அவன் கத்தினான். எல்லாத் துறவியும் ஓடிவந்தால் அப்படித்தான் சொல்வான் என்று ஊர் முடிவு கட்டியது. துறவி திரும்பி வந்து பெண்டாட்டியோடு படுத்தால் அந்த ஊரில் மழை பெய்யாது. பெய்கிற மழையே அங்கே குறைச்சல். அங்கம்மாள், "எம் புருசன் பொய் சொல்ல மாட்டாக" என்று ஊர்க்கூட்டத்தில் சொன்னாளாம். தாலி இறக்கினவள் சபைக்கு வரக் கூடாது என்று அதற்கும் சேர்த்து அவளை விரட்டினார்கள். கடைசியில் மடத்திலேயே கேட்டுவிடுவது என்று ஊர்ப் பெரியாம்பளையும் பங்காளியும் இன்னும் நாலு பேரும் வெள்ளையனைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். கூட்டிக்கொண்டு என்றால், கையைப் பின்னால் கட்டி. அங்கம்மாள் பின்னாலேயே வந்து உசில மரத்தடியில் நின்றுவிட்டாள்.

கல்லுச்சாமியைப் பார்த்ததும் வெள்ளையன் துள்ளினான். "இவனைத் தெரியும்! மண்டபம் கேம்புல எங்கூடக் கெடந்தான்! எங்கய்யா பேரு, எம் பொண்டாட்டி பேரு எல்லாம் நான்தேன் இவங்கிட்டச் சொன்னேன்!"

பங்காளி அவன் வாயிலேயே அடித்தான். "சாமியவா அவன் இவன்ங்குற?"

கல்லுச்சாமி அசையவில்லை. கனிந்த குரலில், "வந்துட்டியாப்பா. எம்புட்டு நாளாத் தேடுறோம்" என்றார். பெரியாம்பளை கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வெள்ளையன் இடுப்பிலிருந்த காகிதத்தை எடுக்கச் சொன்னான். தோட்டத்தில் கொடுத்த சீட்டு, இங்கிலீஷில் இருந்தது. படிக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள். நான் தோற்ற பாடம்தான், ஆனால் எண்களுக்கு இங்கிலீஷ் வேண்டியதில்லை. மடத்தில் பிண்டம் வைத்த நாளில் அந்த மனிதன் கடலுக்கு அந்தப் பக்கம் தேயிலை கிள்ளிக்கொண்டிருந்தான் என்று மாதமும் வருஷமும் தெளிவாகச் சொல்லின. "எழுத்து சரியாத் தெரியலை" என்றேன். கல்லுச்சாமி கையை நீட்டினார். கொடுத்தேன். அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "பழைய உடம்போட காகிதம்" என்று சொல்லித் திருநீறு புகைகிற உமிக்குள் செருகினார்.

பெரியாம்பளை நியாயமானவர். என்னைப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, கடுதாசி எழுதுனது நீங்க. வெள்ளையன்னு பேரு சொல்லித் துறவு வாங்குன சாமி இப்ப மடத்துல இருக்காரா, இல்லையா? அது ஒண்ணை மட்டும் சொல்லுங்க. இருக்காருன்னா இவனை அவுத்து விட்டுர்றோம். அவளுக்குத் திரும்பத் தாலி கட்டச் சொல்லி நானே முன்ன நிக்கிறேன்."

ஒரே வார்த்தை. இருக்கார் என்று சொன்னால் போதும். வெள்ளையன் என்னையே பார்த்தான். உசில மரத்தடியிலிருந்து அவள் பார்த்தாள். கல்லுச்சாமியும் பார்த்தார், பார்த்துக்கொண்டே தன் காது மடலை மெல்லத் தடவிக்கொண்டிருந்தார்.

"இல்லை. அந்தச் சாமி ஓடிப்போயிட்டாரு" என்றேன்.

மாயன் ஓடிப்போனது நிஜம்தானே, நான் முழுப்பொய் சொல்லவில்லை என்று அன்று சாயங்காலம் கஞ்சி குடிக்கும்போது எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கஞ்சி வழக்கம்போல இறங்கியது.

அங்கேயே மொட்டையடித்தார்கள். பெரியாம்பளை தோளைப் பிடித்துக்கொண்டார், பங்காளி தலையைப் பிடித்துக்கொண்டான். கல்லுச்சாமி தன் கையாலேயே காவியைச் சுற்றி விட்டார். அவனுக்குக் கருமாதி வேண்டாம், அது முன்னமே ஆகிவிட்டது என்று சொல்லிவிட்டார். வெள்ளையன் இரண்டு தடவை ஓடினான். இரண்டு தடவையும் வழியில் இருந்த ஊர்க்காரர்களே பிடித்து, மடத்துக்குச் செய்கிற புண்ணியம் என்று மாலை போட்டு, கொட்டடித்துக் கொண்டுவந்து விட்டார்கள். மூன்றாவது தடவை ஓடவில்லை. என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்றையே கேட்பான்: "இன்னொரு கடுதாசி எழுது தம்பி. இவன் உசுரோட இருக்கான்னு நாலு எழுத்து. எம்புட்டு நேரமாகும் ஒனக்கு?" நாளைக்கு எழுதுகிறேன் என்பேன்.

அங்கம்மாள் அடுத்த அமாவாசைக்கே வந்தாள். பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு என்னை நேராகப் பார்த்துக் கேட்டாள்: "அன்னிக்கு எம் புருசன் பேரைச் சொன்ன ஆளை நீங்க பாத்திருப்பீகளே. அது இவுகதானா?"

"ஞாபகமில்லைம்மா" என்றேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "சரி, கெட்டுப்போறதுக்குள்ள குடுத்துருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்கப்புறம் துவையல் சேர வேண்டியவனுக்குச் சேர்ந்தது. என் வாழ்க்கையில் நான் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான் என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். மாதத்துக்கு ஒரு நாள் துவையலில் தீருகிற வயிற்றுவலியா அது? உப்பில்லாத கஞ்சியில் அவன் கரைந்துகொண்டே வந்தான். ஒன்றரை வருஷத்தில் ஒரு காலையில் எழுந்திருக்கவில்லை. சாமி என்பதால் உட்காரவைத்துப் புதைத்தார்கள். ஊருக்குச் சொல்லிவிடலாமா என்று கல்லுச்சாமியிடம் கேட்டேன். "அவனுக்குத்தேன் முன்னமே கடுதாசி போயாச்சே" என்றார். மடத்துச் சட்டப்படி அது சரியாகவும் இருந்தது.

அந்த மடம் இப்போது இல்லை. கல்லுச்சாமி இருந்து, தொண்டுகிழமாகிச் செத்து, சமாதி கட்டினார்கள். மற்ற கட்டிடமெல்லாம் இடிந்து, ஓடையைத் தூர்த்து, பிளாட் போட்டு விற்றுவிட்டார்கள். உசில மரம் இருந்த இடத்தில் பஸ் நிற்கிறது. காலேஜ் படிக்கிற பெண்பிள்ளைகள் அதிலிருந்து இறங்கிச் சிரித்துப் பேசிக்கொண்டு சமாதி வரைக்கும் போய்வருகிறார்கள், எந்த எல்லையும் அவர்களுக்கு இல்லை. கரி தடவின கடுதாசியும் இல்லை. வெளிநாடு போனவன் ஒரு வாரம் பேசாவிட்டால் போனைப் போட்டுக் கேட்கிறார்கள். துறவு வாங்கினவன் திரும்பி வந்தால் யாரும் பின்னால் கை கட்டி இழுத்துக்கொண்டு போவதில்லை, எல்லாம் நல்லதுக்குத்தான்.

வெள்ளையன் செத்த பிறகு வந்த அமாவாசைக்கும் அங்கம்மாள் வந்தாள். சொல்லத்தான் போனேன். அவள் பொட்டலத்தை நீட்டினாள், என் கை தானாக வாங்கிக்கொண்டது. "இப்ப வலி எப்படியிருக்கு?" என்று கேட்டாள். "பரவாயில்லைம்மா" என்றேன். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தபிறகு சொல்ல முடியவில்லை. அடுத்த அமாவாசையும் வந்தாள். அதற்கடுத்ததும். ஏழு மாதம் வாங்கினேன். அந்த ஏழு பொட்டலத்தையும் என்ன செய்தாய் என்று கேட்பீர்கள். மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து தின்றேன். நன்றாக இருந்தது.

எட்டாவது அமாவாசைக்கு அவள் வரவில்லை. பொழுது சாய்கிற வரைக்கும் மரத்தடியில் நின்று பார்த்தேன். யாரோ சொல்லிவிட்டார்களா, அவளும் செத்துவிட்டாளா, தெரியாது. அந்த ஊருக்கு ஒரு கடுதாசி போட்டால் தெரிந்திருக்கும். போடவில்லை.